புத்தகம் இல்லாத நூலகம்: போபியோவில் நான்கு நாள்

நாள் 1, வியாழன்

பஸ்ஸைக் கோட்டைவிட்டதில் தொடங்கியது பயணம். டூரினில் காலையில் ரயில் ஏறி பியாசென்சாவில் இறங்கும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அங்கிருந்து போபியோவுக்கு பஸ். டிக்கெட்டை முன்கூட்டியே புகையிலைக் கடையில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பதினொரு வருஷமாக இத்தாலியில் குப்பை கொட்டும் என் தம்பிக்கு இது தெரியாதா என்ன? தெரியும். ஆனால் நாங்கள் கடைக்குப் போனபோது மத்தியானம் ஒன்றே கால். கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். மூன்றரைக்குத்தான் திரும்பி வருவாராம்.

"விடுக்கா, ஒரு காபி குடிச்சா ரெண்டு மணி நேரம் ஓடிரும்" என்றான். மூன்று காபி ஆயிற்று.

பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் சமவெளிதான். ரிவெர்காரோ என்ற ஊரைத் தாண்டியதும் மலைகள் இரண்டு பக்கமும் நெருங்கி வந்தன, நடுவில் திரெபியா ஆறு. அகலமான வெள்ளைக் கூழாங்கல் பரப்பு, அதில் ஓர் ஓரமாக ஒதுங்கி ஓடும் பச்சைத் தண்ணீர். இதைப் பார்த்துச் சாதுவான ஆறு என்று நினைத்துவிடக் கூடாது. 2015 செப்டம்பரில் ஒரே இரவில் பொங்கி வந்து சாலையை அரித்துக்கொண்டு போன ஆறு இது. 2020 அக்டோபரில் பெருமழைக்குப் பின், போபியோவுக்கு மேலே இருந்த லென்சினோ பாலம் இடிந்து ஆற்றில் விழுந்தது.

கி.மு. 218 டிசம்பரில் கார்த்தேஜ் தளபதி ஹானிபல் ரோமானியப் படையை முதல்முறையாகப் பெரிய அளவில் முறியடித்ததும் இதே ஆற்றங்கரையில்தான். அது இன்னும் கீழே, சமவெளிப் பக்கம். காலைச் சாப்பாடுகூட இல்லாமல் வெறும் வயிற்றோடு இருந்த ரோமானியச் சிப்பாய்களைத் தன் குதிரைப் படையை விட்டுச் சீண்டி, பனிக்குளிரில் நெஞ்சளவு தண்ணீரில் இறங்கி வர வைத்தான். கரையேறியவர்களுக்கு ஆயுதத்தைப் பிடிக்கக் கை வரவில்லை. தம்பி இதைக் கேட்டுவிட்டு, "பசியோட எங்கயும் கிளம்பக் கூடாதுன்னு அம்மா சொல்றது சரிதான்" என்றான்.

இருட்டும் நேரத்தில் ஊர் வந்தது. மூவாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர். மஞ்சள் விளக்கில் கல் பாவிய தெருக்கள். அறை கொடுத்த அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். நாங்கள் நான்கு நாள் தங்கப் போகிறோம் என்றதும் சந்தேகத்தோடு பார்த்தார். வருகிறவர்கள் பாலத்தைப் படம் எடுத்துவிட்டு மத்தியானமே போய்விடுவார்களாம்.

ஏன் நான்கு நாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். முப்பத்திரண்டு வருஷம் கல்லூரி நூலகத்தில் அட்டவணைப் பிரிவில் இருந்தவள் நான். படித்த காலத்தில், நூலக வரலாற்றுப் பாடத்தில் "போபியோ" என்ற பெயர் ஒரே ஒரு வரியில் வரும்: இந்த ஊர்க் கிறிஸ்தவ மடத்தின் பத்தாம் நூற்றாண்டு நூற்பட்டியல், கிட்டத்தட்ட 700 சுவடிகள். பரீட்சைக்கு அவ்வளவு போதும். அந்தப் பட்டியலை 1740-இல் முராத்தோரி என்ற அறிஞர் அச்சில் போட்டார், அதனால் அது நம் கைக்கு வந்தது. புத்தகங்களோ ஒன்றுகூட இந்த ஊரில் இல்லாமல் போய்விட்டன. பட்டியல் இருக்கிறது, அலமாரி காலி. பணி ஓய்வு பெற்ற அட்டவணைக்காரிக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் எது?

"புத்தகமே இல்லாத ஊருக்கு நாலு நாளா அக்கா?" என்று இரவு விளக்கை அணைக்கும்போதும் ஒருமுறை கேட்டான் தம்பி.

நாள் 2, வெள்ளி

இன்றைய பதிவு நீளும். முழுநாளும் மடத்தில்தான் கழிந்தது.

முதலில் கட்டியவர் கதை. கொலும்பானுஸ் அயர்லாந்துத் துறவி. பாங்கர் மடத்திலிருந்து கிளம்பி, கடல் கடந்து இன்றைய பிரான்சுக்கு வந்து லுக்ஸோயில் மடம் அமைத்தார். அங்கே ராஜாவின் வைப்பாட்டிகளுக்குப் பிறந்த பிள்ளைகளை ஆசீர்வதிக்க மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னார். ராஜா தியூதெரிக்கைவிட அவன் பாட்டி புருன்ஹில்டா பொல்லாதவள். 610-இல் நாட்டைவிட்டே துரத்தினார்கள். ரைன் நதி வழியே மேலேறிப் போகையில் கால் (Gall) என்ற பெயருடைய சீடர் காய்ச்சலில் படுத்துவிட்டார், இனி நடக்க முடியாது என்றார். கிழவருக்குக் கோபம். தான் உயிரோடு இருக்கும்வரை நீ பூசை வைக்கக் கூடாது என்று தடை போட்டுவிட்டு ஆல்ப்ஸ் மலையைத் தாண்டிப் போய்விட்டார். அந்தக் காய்ச்சல்காரர் தங்கிய இடம்தான் சுவிட்சர்லாந்தின் சாங்க்ட் காலன். அங்கே எழுந்த மடத்தின் பழஞ்சுவடிகள் இன்றும் அதே இடத்தில் அலமாரியில் இருக்கின்றன. கூட வராத சீடரின் நூலகம் நிலைத்தது, நடந்து வந்த குருவுடையது கலைந்துபோனது. இந்த முரண் இன்று முழுக்க என் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

இத்தாலியில் அப்போது லாம்பார்டு என்ற ஜெர்மானிய இனத்தாரின் ஆட்சி. அரசன் அகிலுல்ஃப் ஏரியன் (Arian) கொள்கைக்காரன், அதாவது இயேசு கடவுளுக்குச் சமமல்ல என்ற கிறிஸ்தவப் பிரிவு, அரசி தியோதெலிந்தா கத்தோலிக்கர். இருவருமாக இந்தப் பள்ளத்தாக்கில் பாழடைந்து கிடந்த புனித பேதுரு கோயிலையும், சுற்றி நான்கு மைல் நிலத்தையும், கூடவே ஓர் உப்புக் கிணற்றில் பாதியையும் கொடுத்தார்கள். மீதிப் பாதி வேறொரு பிரபுவுக்கு ஏற்கெனவே போயிருந்தது. மகானுக்கு மானியம் கொடுக்கும்போதும் கிணற்றில் பங்கு பிரித்து எழுதுகிறார்களே என்று தம்பிக்கு ஒரே சிரிப்பு. உப்பு அப்போது லேசான சரக்கில்லை. ஜெனோவா கடற்கரையிலிருந்து சமவெளிக்கு உப்புப் பொதிகள் கோவேறு கழுதைகளின் மேல் போனது இந்த மலைவழிகளில்தான்.

614-இல் மடம் தொடங்கியது. 615 நவம்பர் 23 அன்று கொலும்பானுஸ் இறந்துவிட்டார். எழுபதை ஒட்டிய வயதில் வந்து, இங்கே இருந்தது ஒரு வருஷத்துச் சொச்சம்.

இப்போது நிற்கும் பெரிய கோயில் 15, 16-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். மேலே சுவரெங்கும் ஓவியம். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. படியிறங்கி நிலவறைக்குப் போனோம். நடுவில் கொலும்பானுஸின் கல்லறை, 1480-இல் செய்த வெள்ளைப் பளிங்குப் பேழை, பக்கங்களில் அவர் வாழ்க்கைக் காட்சிகள். ஆனால் கண்ணை இழுப்பது தரைதான். 12-ஆம் நூற்றாண்டு மொசைக். பல நூறு வருஷம் வேறொரு தளத்துக்கு அடியில் மறைந்து கிடந்து, 1910-இல் வெளியே வந்தது. ஒரு பகுதியில் மக்கபேயர் என்ற பழைய யூத வீரர்களின் போர், குதிரைகளும் ஈட்டிகளும். இன்னொரு பகுதியில் விநோத மிருகங்கள் மோதிக்கொள்கின்றன. அப்புறம் பன்னிரண்டு மாதங்கள், மாதத்துக்கு ஒரு வேலை.

குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு கல்லும் கட்டைவிரல் நகத்தைவிடச் சிறியது. கறுப்பு, வெள்ளை, அங்கங்கே மங்கிய சிவப்பு. ஒரு குதிரையின் குளம்புக்குப் பக்கத்தில் கற்கள் வரிசை தப்பி நெருங்கிக் கிடக்கின்றன. மாலை வெளிச்சம் போன பிறகும் வேலை செய்தானோ, மேஸ்திரி அவசரப்படுத்தினானோ. அந்த இடத்தையே கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். காவலுக்கு இருந்த பெண் ஒருமுறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

மடத்தின் கட்டடத்தில் ஒரு பகுதி இப்போது அருங்காட்சியகம், ஒரு பகுதி பள்ளிக்கூடம். துறவிகள் சுவடி எழுதிய எழுத்துக்கூடத்தைப் பற்றிச் சொல்லும் பகுதியில் நகல் சுவடிகள் இருந்தன. அங்கே உட்கார்ந்து என் நோட்டில் ஒரு கணக்குப் போட்டேன், எந்தப் புத்தகம் எங்கே போயிற்று என்று.

1606-இல் மிலான் கர்தினால் ஃபெதெரிகோ பொரோமேயோ, தான் தொடங்கவிருந்த அம்ப்ரோசியானா நூலகத்துக்காக 70-க்கு மேல் எடுத்துக்கொண்டார். 1618-இல் போப் ஐந்தாம் பவுல் கிட்டத்தட்ட முப்பது சுவடிகளை வத்திக்கானுக்குக் கொண்டுபோனார். 1803-இல் பிரெஞ்சு ஆட்சி மடத்தையே கலைத்தது, சொத்து ஏலத்துக்குப் போனது. மிஞ்சியதில் பெரும்பகுதி 1820-களில் டூரினுக்குப் போய்ச் சேர்ந்தது. டூரின் ஏன் என்றால், 1743-லிருந்து இந்தப் பள்ளத்தாக்கு சவோய் அரசின் கையில் இருந்தது, அவர்களின் தலைநகர் டூரின். அந்தக் காலத்தில் போபியோ ஒரு மாகாணத்தின் தலைமையிடம். பிறகு பாவியா மாவட்டம், 1923-இல்தான் பியாசென்சா.

எடுத்துப் போனவர்கள்மேல் காலையில் எனக்கு நல்ல கோபம் இருந்தது. பகல் சாப்பாட்டுக்குள் அது பாதியாகிவிட்டது. பாங்கர் மடத்தில் ஏழாம் நூற்றாண்டின் கடைசியில் எழுதிய ஒரு கீர்த்தனைச் சுவடி எப்படியோ போபியோவுக்கு வந்தது. பின்னால் பாங்கரை வைக்கிங்குகள் சூறையாடினார்கள். இங்கே வந்ததால் பிழைத்த அந்தச் சுவடி இப்போது மிலானில். அதே மிலானில் இன்னொரு போபியோ சுவடி, சங்கீதம் எனப்படும் பைபிள் துதிப்பாடல்களுக்கு லத்தீனில் எழுதிய உரை. அதன் ஓரங்களிலும் வரிகளுக்கு நடுவிலும் கி.பி. 800 வாக்கில் யாரோ தங்கள் தாய்மொழியான பழைய ஐரிஷில் பொடி எழுத்தில் பொருள் குறித்திருக்கிறார்கள். இன்று பழைய ஐரிஷ் மொழி என்று ஒன்றைப் பாடமாகப் படிக்க முடிகிறது என்றால், அதில் பெரும்பங்கு இந்த ஓரக் குறிப்புகளுக்கு உண்டு. புத்தகத்தில் பென்சிலால் எழுதிய மாணவர்களுக்கு நான் போட்ட அபராதமெல்லாம் நினைவுக்கு வந்தது.

பழைய ரோமானியப் பேச்சாளர் சிசரோவின் கதை இன்னும் மோசம், இன்னும் நல்லது. அவர் அரசியல் பற்றி எழுதிய 'தெ ரெ புப்ளிகா' என்ற நூல் முழுசாக எங்குமே கிடைக்காமல் போயிருந்தது. 1819-இல் ஆஞ்செலோ மாய் என்ற பாதிரியார் வத்திக்கான் நூலகத்தில், போபியோவிலிருந்து வந்த ஒரு சுவடியைப் புரட்டுகிறார். மேலே கிறிஸ்தவப் புனிதர் அகுஸ்தீனாரின் சங்கீத விளக்கம். அதற்கு அடியில் பெரிய பெரிய எழுத்துகளின் மங்கல் தடம். துறவிகள் பழைய தோல் ஏட்டைக் கழுவிச் சுரண்டிவிட்டு மேலே எழுதியிருக்கிறார்கள். தோல் விலை அப்படி. ஒரு பெரிய சுவடிக்கு ஓர் ஆட்டு மந்தையே போய்விடும்.

சிசரோவைச் சுரண்டினவனைத் திட்டத்தான் வாய் வருகிறது. ஆனால் மேலே அகுஸ்தீனார் இருந்ததால்தான் அந்தத் தோலை யாரும் தூக்கிப் போடவில்லை. கண்டுபிடித்த மாய் என்ன செய்தார்? அடியெழுத்துத் தெரிய வேண்டுமென்று ஏட்டில் மாசிக்காய்ச் சாற்றைத் தடவினார். அப்போதைக்குத் தெரிந்தது, படித்தார், 1822-இல் அச்சிட்டார். பிற்பாடு தடவிய இடமெல்லாம் கறை படிந்துவிட்டது.

பழைய பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை, என் தொழில் விசுவாசத்துக்காக. அதில் புத்தகங்கள் ஆசிரியர்வாரியாக மட்டும் இல்லை, கொடுத்தவர்வாரியாகவும் பிரித்திருக்கிறது. துங்கால் என்ற ஐரிஷ்காரர் கொடுத்தவை இவை என்று தனித் தலைப்பு. அன்பளிப்புப் பதிவேடு! எங்கள் நூலகத்தில் அதை நான்தான் வைத்திருந்தேன், யாரும் திறந்துகூடப் பார்த்ததில்லை.

இந்தப் புத்தகங்களைத் தேடி 983 வாக்கில் ஒருவர் மடாதிபதியாகவே வந்து உட்கார்ந்தார். கெர்பெர்ட், பிரெஞ்சுக்காரர், பெரிய கணித அறிஞர். இந்தியாவில் பிறந்து அரபு நாடு வழியாகப் போன எண்குறிகளை ஐரோப்பாவுக்கு முதலில் காட்டியவர்களில் ஒருவர். மடத்து நிலத்தையெல்லாம் உள்ளூர்ப் பெரும்புள்ளிகள் வளைத்துப் போட்டிருந்தார்கள். தட்டிக் கேட்டதும் எல்லோரும் எதிரியானார்கள். ஆதரவாக இருந்த பேரரசன் இரண்டாம் ஓட்டோ அதே வருஷம் இறந்ததும் மூட்டையைக் கட்டிவிட்டார். 999-இல் போப் ஆனார், இரண்டாம் சில்வெஸ்டர் என்ற பெயரில். போபியோவைச் சமாளிக்க முடியாதவர் ரோமைச் சமாளித்தார் என்று வைத்துக்கொள்ளலாம்.

நாள் 3, சனி

பாலம். காலை ஏழு மணிக்கே போய்விட்டோம், மூடுபனி ஆற்றின்மேல் தவழ்ந்துகொண்டிருந்தது.

கூனல் பாலம் என்றுதான் இந்த ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். 11 வளைவு, 270 மீட்டருக்கு மேல் நீளம். ஒரு வளைவு போல இன்னொன்று இல்லை. ஒன்று உயரம், அடுத்தது குட்டை, அதற்கடுத்தது அகலம். மேலே நடக்கும்போது பாதை ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. போதாததற்கு நேராகவும் இல்லை, வளைந்து போகிறது. நடுவழியில் மாடங்களில் சிறு உருவங்கள். கல் பாவிய பாதை பனி ஈரத்தில் வழுக்கியது. "கையைப் புடிச்சுக்கோக்கா" என்றான். பிடித்துக்கொண்டேன்.

கதை இது: ஒரே ராத்திரியில் பாலம் கட்டித் தருகிறேன், முதலில் கடக்கும் உயிர் எனக்கு என்று பிசாசு கொலும்பானுஸிடம் பேரம் பேசியது. பதினொரு குட்டிப் பிசாசுகள் வந்து முதுகைக் கொடுத்தன, ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரம், அதனால்தான் வளைவுகள் இப்படி. விடிந்ததும் துறவி முதலில் ஒரு நாயை அனுப்பினார். ஏமாந்த பிசாசு விட்ட உதையில் பாலம் கோணிப் போயிற்று. சிலர் நாய் இல்லை, கரடி என்கிறார்கள். கரடிக்கு இந்த ஊரில் வேறு கதையும் உண்டு: உழவு மாட்டை அடித்துக் கொன்ற கரடியையே துறவி ஏரில் பூட்டிவிட்டாராம்.

உண்மையான காரணம் ஆறு. வெள்ளம் ஒவ்வொரு முறையும் ஒரு பக்கத்தைத் தள்ளிக்கொண்டு போகும், தடம் மாறும். மறுபடி கட்டும்போது அன்றைய ஆறு எங்கே ஓடுகிறதோ அதற்கேற்பக் கட்டினார்கள். பல நூற்றாண்டு ஒட்டுவேலை. எனக்குப் பிசாசுக் கதையைவிட இது பிடித்திருக்கிறது. தம்பிக்குப் பிசாசுதான்.

மோனாலிசா ஓவியத்தின் பின்னணியில் வரும் பாலம் இதுதான் என்று 2011-இல் ஓர் ஆய்வாளர் சொல்லிவிட்டார். கடைக்குக் கடை அந்த அம்மா சிரித்துக்கொண்டிருக்கிறாள். அரெஸ்ஸோ பக்கத்துப் பாலங்களுக்கும் இதே உரிமைக் குரல் உண்டு. மூன்று நான்கு வளைவுதான் ஓவியத்தில் தெரிகிறது. அதை வைத்துக்கொண்டு எந்தப் பாலத்தையும் சேர்த்துவிடலாம்.

மாலஸ்பினா கோட்டைக்கு ஏறினோம், 1304-இல் தொடங்கிய கோட்டை. காட்சி நன்றாக இருந்தது, வேறு சொல்ல ஒன்றுமில்லை. இறங்கி வரும்போது 1944 பற்றிப் பேச்சு வந்தது. ஜெர்மன் படையும் முசோலினி ஆட்களும் நாட்டைப் பிடித்து வைத்திருந்த அந்த வருஷம் ஜூலையில், எதிர்ப்புப் போராளிகள் இந்த ஊரைக் கைப்பற்றித் தாங்களே நிர்வாகம் நடத்தினார்கள். போபியோ குடியரசு. ஆகஸ்ட் கடைசியில் படை திரும்பி வந்து முடித்துவிட்டது. ஏழே வாரம்.

சாயங்காலம் வீட்டுக்கார அம்மா சமையலறைக்குக் கூப்பிட்டார். நான்கு நாள் தங்குபவர்கள் என்று இரக்கம் வந்துவிட்டது போல. இந்த ஊர் மக்ரோனி ஸ்வெட்டர் பின்னும் ஊசியில் செய்வது. பிசைந்த மாவைக் கயிறாகத் திரித்து, சுண்டுவிரல் நீளத்துக்கு நறுக்கி, ஒரு துண்டின்மேல் ஊசியை வைத்து அழுத்தி, உள்ளங்கையால் பலகைமேல் முன்னும் பின்னும் ஓர் உருட்டு. மாவு ஊசியைச் சுற்றிக்கொள்ளும். உருவினால் குழாய். அவர் கையில் ஒன்றுக்கு இரண்டு நொடி. நான் செய்தது ஊசியோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. "பியானோ, பியானோ" என்றார், மெதுவாக, மெதுவாக. தம்பி செய்த முதல் குழாயே சரியாக வந்தது, ராத்திரி முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தான். மேலே ஊற்ற, காலையிலிருந்து ஒயினில் வெந்துகொண்டிருந்த மாட்டிறைச்சிக் குழம்பு. டிசம்பரில் வந்தால் நத்தை சமைத்துப் போடுவாராம், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் இந்த ஊர் வழக்கம். டிசம்பரில் வரமாட்டேன்.

நாள் 4, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு. டிக்கெட் இந்த முறை நேற்றே வாங்கியாயிற்று. கிளம்பும்போது அந்த அம்மா ஒரு பழைய ஊசியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

டூரினில் இறங்கியபோது மூன்று மணி. பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு, தம்பியை இழுத்துக்கொண்டு கார்லோ ஆல்பெர்தோ சதுக்கத்துக்குப் போனேன். தேசிய நூலகம் அங்கேதான். 1904 ஜனவரியில், இந்த நூலகம் பழைய கட்டடத்தில் இருந்தபோது, பெரும் தீ விபத்து நேர்ந்தது. ஆயிரக்கணக்கான சுவடிகள் எரிந்தும் நனைந்தும் போயின. போபியோ சுவடிகளும் அடிபட்டன. ஆனால் ஒன்று தப்பியது: ஆப்பிரிக்காவில் கி.பி. 400 வாக்கில் எழுதப்பட்ட லத்தீன் நற்செய்தி ஏடு. 'கே' என்ற ஒற்றை எழுத்துதான் அறிஞர்கள் அதற்கு வைத்த குறி. கொலும்பானுஸ் தன் பையிலேயே வைத்துக்கொண்டு நடந்த புத்தகம் என்பது மடத்தில் வழிவழியாக வந்த பேச்சு. மாற்கு நற்செய்தியின் பலவித முடிவுகளில் 'குறுகிய முடிவு' எனப்படுவது மட்டும் உள்ள ஒரே சுவடி அதுதான்.

கதவு பூட்டியிருந்தது. ஞாயிறு.

"ஏன்டா, தினமும் இந்த வழியாத்தானே ஆபீஸ் போற?"

"ஆமாக்கா. பஸ் ஸ்டாப் அங்க."

"உள்ள போயிருக்கியா?"

"இல்ல."

படியில் உட்கார்ந்தோம். திங்கட்கிழமை காலை திறப்பார்கள் என்று அவன் போனில் பார்த்துச் சொன்னான். என் விமானம் விடியற்காலை ஆறு இருபதுக்கு.